சிலிண்டருக்குள் எட்டிப் பார்க்கும் பாம்பு கேமரா: பதினோரு மாதம் பயன்படுத்தியதில்

பெட்டியைப் பிரித்து வெளியே எடுத்ததும் எங்கள் சார் கேட்ட முதல் கேள்வி, "ஏம்ப்பா, காது குடையறதுக்கா வாங்கியிருக்க?" என்பதுதான். அவரைக் குறை சொல்ல முடியாது. போனோடு இணைத்துக் காது அழுக்கு எடுக்கிற கேமரா இப்போது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, அவர் பேரன்கூட ஒன்று வைத்திருக்கிறானாம். நான் வாங்கியது 11,400 ரூபாய். அன்றைக்கு அதை அவரிடம் சொல்லவில்லை.

நான் பாண்டிச்சேரி லாஸ்பேட்டையில் விமான டெக்னீஷியன். என் கையில் இருப்பது இரண்டு செஸ்னா 172, ஒற்றை எஞ்சின் குட்டி விமானங்கள், நாங்கள் வண்டி என்றுதான் சொல்வோம். இரண்டிலும் நாலு சிலிண்டர் லைகாமிங் ஓ-320 எஞ்சின், 160 குதிரைத்திறன். ஐம்பது மணி நேரம் பறந்தால் ஆயில் மாற்ற வேண்டும், நூறு மணி நேரம் பறந்தால் மூக்கு முதல் வால் வரை திறந்து பார்க்க வேண்டும், அதுதான் என் பிழைப்பு. கையெழுத்து நான் போடுவதில்லை, சார்தான் போடுவார். விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர், பி1.2 லைசென்ஸ், அதாவது பிஸ்டன் எஞ்சின் விமானங்களுக்கானது. வண்டி பறக்கலாம் என்று லாக் புக்கில் அவர் எழுதினால்தான் பறக்கும். நான் எவ்வளவு பெரிய கேமரா வாங்கினாலும் அது மாறாது.

இந்தப் பொருளுக்கு விற்பனைப் பக்கத்தில் நிறைய விமர்சனம் இருக்கிறது, எல்லாம் பாத்ரூம் குழாய், வாஷிங் மெஷின், கார் ஏசி. விமான எஞ்சினில் விட்டுப் பார்த்தவர் யாரும் தமிழில் எழுதியதாக என் கண்ணில் படவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொருள் என்னவென்றால், போரோஸ்கோப். 6.2 மி.மீ. தடிமனில் ஒரு மீட்டர் கேபிள், நுனியில் கேமராவும் குட்டி விளக்குகளும், கைப்பிடியில் ஐந்து அங்குலத் திரை, பக்கத்தில் ஒரு சக்கரம். சக்கரத்தைத் திருகினால் நுனி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளையும், 180 டிகிரி வரை என்று பெட்டியில் போட்டிருக்கிறது. பெயர் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரே சாமானை ஏழெட்டு பேர் ஏழெட்டு பெயரில் விற்கிறார்கள். பெரிய கம்பெனிகளின் வளையும் போரோஸ்கோப் லட்சங்களில் போகும், அதை வாங்குகிற இடத்தில் நாங்கள் இல்லை.

இந்த வளைகிற நுனிக்குத்தான் காசு. அது ஏன் என்று சொல்ல, அதற்கு முன்னால் வாங்கிய 850 ரூபாய் கேமராவின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

பாண்டிச்சேரி சண்டே மார்க்கெட் தெரியும்தானே, காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமை நடக்கவே இடம் இருக்காது. அங்கே ஜீன்ஸ் பேன்ட் குவியலுக்குப் பக்கத்தில் ஒருவர் போன் சாமான்கள் விரித்திருந்தார், அவரிடம் வாங்கினேன். போனில் சொருகினால் படம் தெரியும், படமும் மோசமில்லை, ஆனால் நேராக மட்டும்தான் பார்க்கும். எங்கள் வேலைக்கு அது உதவாது. தீப்பொறி தரும் பிளக்கைக் கழற்றிய துளை வழியாகத்தான் சிலிண்டருக்குள் போகிறோம், வால்வுகளோ அந்தத் துளை இருக்கிற அதே பக்கச் சுவரில்தான் இருக்கின்றன. வாசல் வழியாக வீட்டுக்குள் நுழைந்தவன் வாசலுக்குப் பக்கத்திலேயே மாட்டியிருக்கிற காலண்டரைப் பார்க்க வேண்டும் என்றால் திரும்பித்தானே ஆக வேண்டும். திரும்பாத கேமரா எதிரே இருக்கிற பிஸ்டன் தலையைக் காட்டும், சுவரைக் கொஞ்சம் காட்டும், எது முக்கியமோ அதைக் காட்டாது.

அதற்குத்தான் அந்தப் பெட்டியில் ஒரு குட்டிக் கண்ணாடி இருந்தது. நுனியில் கிளிப் மாதிரி மாட்டிக்கொண்டால் பக்கவாட்டில் தெரியும். மாட்டினேன். மூன்றாவது சிலிண்டரில் விட்டேன், நன்றாகத்தான் தெரிந்தது, வெளியே இழுத்தேன், கேமரா வந்தது. கண்ணாடி வரவில்லை.

எஞ்சினுக்குள் ஒரு பொருள் விழுந்தால் ஹேங்கரில், அதாவது விமானக் கொட்டகையில், என்ன நடக்கும் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சார் ஒன்றும் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. சிவப்புப் பேனாவை எடுத்து வண்டியின் குறைகளை எழுதுகிற ஸ்நாக் ஷீட்டில் எழுதி, "கிடைக்கிற வரைக்கும் வண்டி இங்கதான்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். காந்தத்தை விட்டுப் பார்த்தேன், பிளாஸ்டிக் காந்தத்துக்கு எங்கே வரும். கடைசியில் மருந்துக் கடைக்கு ஓடி சலைன் ஏற்றுகிற டியூப் ஒன்று வாங்கி வந்து, வாக்குவம் கிளீனர் வாயில் டேப் சுற்றி ஒட்டி, கீழ்ப் பிளக் துளை வழியாக விட்டுத் துழாவி, இரண்டே கால் மணி நேரம் கழித்து அது டியூப் நுனியில் ஒட்டிக்கொண்டு வந்தது. எடுத்ததும் உடைந்த துண்டு எதுவும் உள்ளே மிச்சமில்லை என்று காட்ட, கிளிப்பின் நாலு முனையையும் சார் எண்ணினார். அந்த 850 ரூபாய் கேமரா இப்போது என் தங்கை பையனிடம் இருக்கிறது, எறும்புப் புற்றுக்குள் விட்டு விளையாடுகிறான்.

ஆகவே முதல் அறிவுரை: கண்ணாடி, கொக்கி, காந்தம் என்று நுனியில் மாட்டுகிற எதையும் எஞ்சினுக்குள் கொண்டு போகாதீர்கள். இதனோடும் அப்படி மூன்று உருப்படி தந்திருந்தார்கள். மூன்றும் அன்றே குப்பைக்குப் போயின.

வாங்கிய விதமும் சுகமாக இல்லை. ஜூலை 2024-ல் தள்ளுபடியில் போட்டிருந்தார்கள் என்று ஆர்டர் செய்தேன், நான்கு நாளில் வந்தது, திறந்தால் திரையின் பாதுகாப்புத் தாள் ஏற்கெனவே உரிக்கப்பட்டிருக்கிறது. மெமரி கார்டைப் போட்டுப் பார்த்தால் யாரோ ஒருவர் வீட்டு சமையலறை சின்க் குழாய்க்குள் எடுத்த இருபத்தாறு படம், ஒன்றில் அவர் கட்டைவிரல்கூட இருந்தது. பாவம், அடைப்பைக் கண்டுபிடித்துவிட்டு வேலை முடிந்தது என்று திருப்பி அனுப்பிவிட்டார் போல. விற்றவருக்கு எழுதினால் "பரிசோதனைக்காக எடுத்த படம்" என்று பதில். பத்து நாள் இழுத்து, படங்களை எல்லாம் அனுப்பி, அப்புறம்தான் புதிது வந்தது. வாங்குபவர்கள் பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, வேலைக்கு எப்படி இருக்கிறது?

நூறு மணி பரிசோதனையில் எஞ்சின் பக்கம் முதல் வேலை கம்ப்ரஷன் டெஸ்ட். தெரியாதவர்களுக்காக: பிஸ்டனை மேலே கொண்டு வந்து நிறுத்தி, பிளக் துளை வழியாக 80 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்றை ஒரு சின்னத் துளை வழியாக அனுப்புவோம். ஒரு கேஜ் உள்ளே போவதைக் காட்டும், இன்னொன்று சிலிண்டர் எவ்வளவைப் பிடித்து வைத்திருக்கிறது என்று காட்டும். 80-க்கு 76 என்றால் அருமை. காற்று எங்கே கசிகிறது என்று காதை வைத்துக் கேட்பது அடுத்தது. ஆயில் ஊற்றும் வாயில் உஸ் என்றால் பிஸ்டன் ரிங், சைலன்சர் பக்கம் உஸ் என்றால் எரிந்த புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வ், கார்புரேட்டர் பக்கம் என்றால் காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் இன்டேக் வால்வ். இதைச் செய்யும்போது ப்ராப்பை, அதாவது முன்னால் சுழலும் விசிறியை, ஒரு ஆள் கெட்டியாகப் பிடித்திருக்க வேண்டும். இந்த எஞ்சினில் சிலிண்டர் அகலம் 130 மி.மீ., 80 பிஎஸ்ஐ என்றால் பிஸ்டன் மேல் ஏறக்குறைய 750 கிலோ தள்ளுகிறது, பிஸ்டன் உச்சியில் இருந்து ஒரு விரற்கடை விலகியிருந்தால் ப்ராப் சுழன்று அடிக்கும். அப்புறம் பிளக்குக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோ. அதற்கு பேட்டரி தேவையில்லை, சாவி ஆஃப் என்று நம்பி ப்ராப்பில் கை வைக்கக் கூடாது, எர்த் ஒயர் ஒன்று அறுந்திருந்தால்கூட எஞ்சின் உயிர் பெறும். ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு பிளக்கையாவது கழற்றிய பிறகுதான் எங்கள் ஹேங்கரில் யாரும் ப்ராப்பைத் தொடுவோம்.

இங்கேதான் இந்தக் கேமராவுக்கு முதல் இடைஞ்சல். கம்ப்ரஷன் டெஸ்ட் எஞ்சின் சூடாக இருக்கும்போது செய்ய வேண்டும், ஆறினால் அளவு குறைத்துக் காட்டும். கேமராவோ 80 டிகிரிக்கு மேல் தாங்காது என்று எழுதியிருக்கிறது. முதல் தடவை அவசரப்பட்டு விட்டேன், படம் ஊதா நிறமாக மாறி அப்புறம் திரையே கறுத்துவிட்டது. போச்சு பணம் என்று நினைத்தேன், ஆறியதும் பிழைத்துக்கொண்டது. இப்போதெல்லாம் கம்ப்ரஷனை முடித்துவிட்டு, பிளக்குகளைச் சுத்தம் செய்து இடைவெளி பார்த்து, ஆயில் பில்டரை வெட்டி மடிப்பு மடிப்பாக விரித்து உலோகத் துகள் இருக்கிறதா என்று பார்த்து முடிக்கிற வரை காத்திருக்கிறேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் கேமரா.

பிஸ்டனை அடியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் நுனி வளைய இடம் இருக்கும். வளைகிற பகுதி மட்டும் ஏழு செ.மீ. நீளம், அது இந்தச் சிலிண்டரில் கச்சிதமாக மடங்குகிறது, கொஞ்சம் சின்ன எஞ்சினில் என்றால் இடிக்கும் என்று நினைக்கிறேன். மெதுவாக உள்ளே விட்டு, சக்கரத்தைத் திருகித் திருகி நுனியைத் திருப்பினால், திரையில் முதலில் ஒரே வெளிச்சம், அப்புறம் பிளக் துளையின் மரை, அதைத் தாண்டி வட்டமாக எக்ஸாஸ்ட் வால்வின் முகம். முதல் தடவை அது தெரிந்தபோது சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரைக்குக் கிட்டே வந்துவிட்டார், அவர் இத்தனை வருடமாகச் சிலிண்டரைக் கழற்றி மேஜையில் வைத்துத்தானே அதைப் பார்த்திருக்கிறார்.

எக்ஸாஸ்ட் வால்வின் முகத்தைத் தோசையைப் பார்ப்பது போலப் பார்க்க வேண்டும். நடுவில் செம்பழுப்பு, சுற்றிலும் வட்டம் வட்டமாக ஒரே சீராக நிறம் வெளுத்துக்கொண்டே போனால் கல் சீராகச் சூடாகியிருக்கிறது, வால்வ் அதன் இருக்கையில் நன்றாக உட்காருகிறது, கவலை இல்லை. வட்டம் நடுவில் இல்லாமல் ஒரு ஓரமாக ஒதுங்கி, விளிம்பில் ஒரு இடம் மட்டும் வேறு நிறத்தில், சில சமயம் பச்சை ஓடிய மாதிரி இருந்தால், அந்த இடத்தில் வெப்பம் வெளியேறவில்லை, விளிம்பு கருகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்படியே விட்டால் ஒரு நாள் அந்த விளிம்பு உடையும். எங்கள் வண்டிக்கு எஞ்சின் ஒன்றுதான், கிழக்கே பறந்தால் கீழே கடல்.

இதில் நான் கற்றுக்கொண்டது என்னவென்றால், கேஜும் கேமராவும் எப்போதும் ஒரே கதையைச் சொல்வதில்லை. இரண்டு சம்பவம்.

முதல் வண்டி, மூன்றாவது சிலிண்டர், கண்ணாடி விழுந்த அதே சிலிண்டர்தான். லைகாமிங்கில் நம்பர் முன்னால் இருந்து ஆரம்பிக்கும், வலப்பக்கம் ஒற்றைப்படை, அதனால் மூன்று என்றால் வலப்பக்கம் பின்னால் இருப்பது. (கான்டினென்டல் எஞ்சினில் பின்னால் இருந்து எண்ணுவார்கள். இது தெரியாமல் நல்ல சிலிண்டரைக் கழற்றிவிட்டுத் தலையில் கை வைத்தவர்கள் உண்டு.) கம்ப்ரஷன் 80-க்கு 61, சைலன்சர் பக்கம் உஸ். லைகாமிங் சொல்வது இதுதான்: எல்லாம் சமமாக 70-க்கு மேல் இருந்தால் திருப்தி, 65-க்குக் கீழே என்றால் தேய்மானம் ஆரம்பித்திருக்கிறது, நூறு மணிக்கு ஒரு தடவை தொடர்ந்து பார், 60-க்குக் கீழே போனாலோ வேகமாகத் தேய்ந்தாலோ சிலிண்டரைக் கழற்ற யோசி. 61 என்பது வாசற்படியில் நிற்கிற எண். இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி 62 வந்தபோது கழற்றி வெளியூர் பட்டறை ஒன்றுக்கு அனுப்பினோம். வண்டி மூன்று வாரம் தரையில், பெரிய பில், கூடவே "குறை எதுவும் காணப்படவில்லை" என்று ஒரு தாள். திரும்ப மாட்டும்போதுதான் உண்மையான ஆபத்து, சிலிண்டரின் அடி நட்டுகளில் ஒன்று சரியாக முறுக்கப்படவில்லை என்றால் சிலிண்டரே தனியாகக் கழன்று போகும், அப்படி உலகத்தில் பல எஞ்சின் போயிருக்கிறது.

இந்தத் தடவை கேமராவை விட்டோம். வால்வ் முகம் அழகான வட்டம், ஒரு குறையும் இல்லை. சுவரில் ஆயில் தங்குவதற்காக இழைத்து விட்டிருக்கிற ஹோனிங் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக இன்னும் தெளிவாக இருந்தன. சார் நாலு சிலிண்டர் படத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, வால்வுக்கும் இருக்கைக்கும் நடுவில் கரித்துகள் ஏதாவது மாட்டியிருக்கும், ஓட்டிவிட்டுத் திரும்பப் பார்க்கலாம் என்றார். எஞ்சினை நன்றாகச் சூடேறும் வரை ஓட்டி மறுபடி டெஸ்ட், 72. அவ்வளவுதான். அடுத்த நூறு மணியிலும் 71. அந்த ஒரு நாளில் கேமராவின் விலை பல மடங்காகத் திரும்பி வந்துவிட்டது.

இரண்டாவது சம்பவம் இதற்கு நேர் எதிர். மற்ற வண்டி, இரண்டாவது சிலிண்டர், 74. கேஜைப் பார்த்தால் யாரும் அடுத்த சிலிண்டருக்குப் போய்விடுவார்கள், கேமரா இல்லாத காலத்தில் நாங்களும் போயிருப்போம். உள்ளே பார்த்தால் தோசை ஒரு பக்கம் கருகியிருக்கிறது. வட்டம் மேல் நோக்கி ஒதுங்கி, விளிம்பில் கால் அங்குல நீளத்துக்கு நிறமே வேறு. விளக்கின் பளபளப்பாக இருக்கும் என்று வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தேன், கேபிளைச் சுழற்றி வேறு கோணத்தில் பார்த்தேன், அந்தக் கறை இருந்த இடத்திலேயே இருந்தது. சார் மூன்று தடவை பார்த்தார். சாயங்காலம் வரை ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை வந்ததும் "கழட்டுப்பா" என்றார். கழற்றி வால்வை வெளியே எடுத்துப் பார்த்தபோது வால்வின் தண்டு ஏறி இறங்குகிற கைடு ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது, விளிம்பில் நகத்தை வைத்து ஓட்டினால் அந்த இடத்தில் மட்டும் மெலிந்து போயிருப்பது விரலுக்கே தெரிந்தது. வால்வைத் துணியில் துடைத்து, மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த முருகர் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, "காது குடையற மெஷின் பரவால்ல" என்றார். அன்றைக்குத்தான் விலையைச் சொன்னேன்.

மறுநாளே டூல் ரிஜிஸ்டரில் ஏற்றி, நம்பர் ஒட்டி, கருவிகளின் உருவம் வரைந்து மாட்டி வைக்கிற ஷேடோ போர்டில் அதற்கு ஒரு இடமும் வரைந்து கொடுத்தார். அதிலும் ஒரு நிபந்தனை: கேமராவைப் பார்த்து நான் எதையும் முடிவு செய்யக் கூடாது, படத்தை அவரிடம் காட்ட வேண்டும். நியாயம்தான்.

நம் ஊருக்கென்று ஒரு உபயோகம் இருக்கிறது, துரு. கடல் ரொம்பக் கிட்டே. காற்றில் உப்பு, வெளியே நிற்கிற வண்டியின் போல்ட் தலையெல்லாம் ஆறு மாதத்தில் பழுத்துவிடும். உள்ளேயும் அப்படித்தான். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்ததே, ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்து ஊரே மிதந்தது, அதன் பிறகு எங்கள் வண்டி ஒன்று ஒரு மாதத்துக்கு மேல் பறக்கவில்லை. எடுப்பதற்கு முன்னால் உள்ளே விட்டுப் பார்த்தேன். நான்காவது சிலிண்டரின் சுவரில், எக்ஸாஸ்ட் வால்வ் திறந்த நிலையில் நின்றிருந்த ஒன்றில் மட்டும், ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய கோடுகள். மேலோட்டமானதுதான், ஆயில் தெளித்து ஓட்டிப் பத்து மணி நேரம் கழித்துப் பார்த்தபோது போயிருந்தது. லைகாமிங் முப்பது நாளுக்கு ஒரு தடவையாவது ஆயில் நன்றாகச் சூடேறி ஒரு மணி நேரம் பறக்கச் சொல்கிறது. தரையிலேயே கால் மணி நேரம் ஓட்டி அணைத்தால் ஈரம் உள்ளேயே தங்கும், அது இன்னும் கெடுதல். இன்னொரு விஷயம், இந்த எஞ்சினில் வால்வுகளைத் திறக்க வைக்கிற கேம்ஷாஃப்ட் மேலே இருக்கிறது, ஆயில் வடிந்து முதலில் காய்வது அதுதான், அதைப் பிளக் துளை வழியாக எந்தக் கேமராவாலும் பார்க்க முடியாது. சுவர் சுத்தமாக இருக்கிறது என்பதை வைத்துக் கேமும் சுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள்.

வேறு எங்கெல்லாம் விட்டேன்: சைலன்சருக்குள் தடுப்புத் தகடு உடைந்திருக்கிறதா என்று பார்க்க, இறக்கையின் அடியில் இருக்கிற மூடிகளைத் திறந்து கன்ட்ரோல் கேபிளும் கப்பியும் பார்க்க, டாஷ்போர்டுக்குப் பின்னால் விழுந்த ஒரு ஸ்க்ரூவைத் தேட. ஒரு தடவை எஞ்சினை மூடியிருக்கிற கௌலிங்கைக் கழற்றாமலே மைனா கூடு கண்டுபிடித்தேன், முந்தின நாள் சாயங்காலம் வரை இல்லை, காலையில் புல்லும் ஒரு மிட்டாய் காகிதமும் சேர்த்துக் கட்டி முடித்திருக்கிறது. மைனாவின் வேலை வேகத்துக்கு நாங்கள் ஈடாக மாட்டோம்.

விடக் கூடாத இடம் ஒன்று: பெட்ரோல் டேங்க். உள்ளே விளக்கு, லித்தியம் பேட்டரி, எங்கே எப்படிச் சீல் செய்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாத சாமான். டேங்கில் ஆவி நிறைந்திருக்கும். விற்பனைப் பக்கத்தில் ஒருவர் பைக் டேங்க் துருவை இதை விட்டுப் பார்த்ததாக எழுதி ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறார். புண்ணியவான்.

குறைகளைச் சொல்கிறேன். வெளிச்சத்தைக் குறைக்க மூன்றே படிகள், பளபளப்பான உலோகத்தில் மிகக் குறைந்ததும் அதிகம்தான், படத்தின் நடுவில் வெள்ளைத் திட்டு விழுகிறது. நுனியை இரண்டு செ.மீ.க்குக் கிட்டே கொண்டு போனால் மங்கல். சக்கரத்துக்குப் பூட்டு கிடையாது, பிடித்த விரலை எடுத்தால் நுனி தானாக நிமிரும், படம் எடுக்க இன்னொரு கை வேண்டும். வளைந்த நுனியோடு இழுத்தால் பிளக் மரையில் மாட்டிக்கொள்ளும், நேராக்கிவிட்டு இழுக்க வேண்டும், இதைப் புதுப் பையன்களுக்குப் பத்து தடவை சொல்லியாகிவிட்டது. 1080 என்று பெட்டியில் போட்டிருப்பதை நான் நம்பவில்லை. எல்லாவற்றிலும் எரிச்சலானது, பேட்டரி தீர்ந்தால் தேதி 2018-க்குப் போய்விடும், படங்கள் எல்லாம் ஒரே தேதியில். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். வண்டியின் பதிவுக் குறியில் கடைசி மூன்று எழுத்து, சிலிண்டர் நம்பர், எஞ்சின் மணி, மூன்றையும் ஒரு தாளில் எழுதி அதை முதல் படமாக எடுத்துவிடுவேன், போலீஸ் ஸ்டேஷனில் பலகை பிடிக்க வைத்துப் படம் எடுப்பது போல. நூறு மணிக்கு ஒரு படம் என்று அடுக்கி வைத்தால் ஒரே வால்வ் எப்படி மாறுகிறது என்று பார்க்கலாம். ஒரு தனிப் படத்தைவிட அந்த வரிசை பத்து மடங்கு பேசும்.

பதினோரு மாதத்தில் ஏழு நூறு மணி பரிசோதனை செய்திருக்கிறோம். இடப்பக்க வளைவு இப்போது 180 வருவதில்லை, 150 இருக்கலாம், உள்ளே கம்பி இளகியிருக்கும். சார்ஜ் போடுகிற ஓட்டையின் ரப்பர் மூடி மூன்றாவது மாதமே போனது. ஆயிலும் கரியும் பட்டும் லென்ஸ் கீறவில்லை, அது ஆச்சரியம். ஐந்துக்கு நாலு கொடுப்பேன். வில்லியனூரில் கார் பட்டறை வைத்திருக்கிற நண்பனுக்கும் இதையே வாங்கச் சொன்னேன், அவனுக்குப் பிடித்திருக்கிறது.

இப்போது அது என்னிடம் இல்லை. மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்ததும் கடலூர் முதுநகரில் இருந்து மாமா போன் செய்தார். அவருடைய விசைப்படகைத் துறைமுகத்தில் கட்டி எஞ்சினைப் பிரித்திருக்கிறார், டர்போ பிளேடைக் கழற்றாமல் பார்க்க வேண்டும், "ரெண்டு நாள்ல குடுத்துடறேன் மாப்ள" என்றார். சாரிடம் சொல்லி ரிஜிஸ்டரில் எழுதிக் கொடுத்து அனுப்பினேன். அது ஏப்ரல் கடைசி. போன வாரம் கூப்பிட்டால் பக்கத்துப் படகுக்காரர் கேட்டார், அதற்கடுத்த படகுக்காரரும் கேட்டார் என்கிறார், பின்னால் வரிசையே நிற்கிறதாம். தடை ஜூன் 14 வரை. எங்கள் வண்டிக்கு அடுத்த நூறு மணி வர இன்னும் பதினெட்டு மணிதான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை நானே பஸ் ஏறிப் போய் வாங்கி வரலாம் என்று இருக்கிறேன், டீசல் நாற்றம் போக எதை வைத்துத் துடைப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.